மாத்திரை அட்டையைப் பார்த்தே நோய் சொன்னவர்

"கடைக்கு வர்றவன் வாயைத் திறக்கறதுக்குள்ள அவனுக்கு வேண்டிய சாமானை எடுத்து மேசை மேல வெச்சிருப்பேன். என் ஆயுசுல ஒருத்தரையும் 'என்ன வேணும்'னு கேட்டது கிடையாது. இனிமேலும் கேக்கப் போறதில்லை. கேள்வி கேக்கறவன் தொழில் தெரியாதவன்!"

இந்தப் பிரகடனம், வாகன உதிரிபாகக் கடை ஒன்றின் மேசைக்குப் பின்னால் நின்றபடி, பல சந்தர்ப்பங்களில், பல சாட்சிகளின் முன்னிலையில் வெளியிடப்பட்டது. வெளியிட்டவரை அந்தத் தெருவே 'ஸ்பேர்' என்றுதான் கூப்பிட்டது. மனிதருக்கு ஐம்பது நெருங்குகிறது, தலைமுடியில் பாதி விடைபெற்றுவிட்டது. ஆகவே மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்த்து ஸ்பேரார் என்போம்.

பிரகடனம் முழுப் பொய்யும் அல்ல. எவராவது எண்ணெய்க் கையோடு படியேறினால், கறையின் நிறத்தை வைத்தே இது பிரேக் சமாசாரமா கியர் சமாசாரமா என்று ஸ்பேரார் தீர்ப்பளித்துவிடுவார். வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சாமான் மேசைக்கு வந்துவிடும். பாகத்தின் எண்ணைப் பெட்டியைப் பார்க்காமலே ஒப்பிப்பார். எப்போதாவது சாமான் பொருந்தாமல் திரும்பி வந்ததும் உண்டு. அப்போதெல்லாம் அவருடைய நிலைப்பாடு தெளிவானது: "சாமான் சரியாத்தான் இருக்கு. உன் வண்டிதான் தப்பு."

காலம் யாரையும் கேட்டுக்கொண்டு மாறுவதில்லை. ஜனங்கள் படுத்துக்கொண்டே போனில் பிரேக் கட்டை வாங்கக் கற்றுக்கொண்டார்கள். கடைமுதலாளி இடத்தைச் செல்போன் உறை விற்பவருக்கு விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஸ்பேரார் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். சும்மா இருந்த அந்த மாதங்களில் சமையலறை டப்பாக்கள் அத்தனையும் எண் பெற்றன. உப்பு எங்கே என்று கேட்டால், "பி-நாலு" என்று பதில் வரும்.

அவர் மனைவி ஒரு பேக்கரியில் வேலை செய்தார். கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதுவது அவர் பொறுப்பு. கூம்புப் பையைப் பிழிந்து, ஒரே இழுப்பில், கோடு நடுங்காமல் "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்" எழுத அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. ஸ்பேராருக்கு வேலை போனதிலிருந்து வீடு அந்தக் கிரீம் எழுத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. டப்பாக்களுக்கு எண் போட்டு முடித்த கணவர் அடுத்ததாகச் செருப்புகளின் பக்கம் திரும்புவதைக் கண்ட அன்று, அந்த அம்மாள் ஒரு கல்லூரி விளம்பரத்தை அவர் முன் வைத்தார்.

"என்னங்க, இதைப் பாருங்க. மருத்துவத் தகவல், மருத்துவக் கோடிங், ரெண்டு வருஷப் படிப்பு. வயசு பாக்க மாட்டாங்களாம். டாக்டர் எழுதி வெச்சதைப் படிச்சு, ஒவ்வொரு வியாதிக்கும் நம்பர் போடணும்."

"நம்பரா?"

"நம்பர்தான்."

"எல்லா வியாதிக்கும் நம்பர் இருக்கா?"

"இருக்காம்."

"அப்போ ஆஸ்பத்திரியும் நம்ம கடையும் ஒண்ணுன்னு சொல்லு."

"அப்படி நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க" என்றார் மனைவி.

அப்படியே நினைத்துக்கொண்டு போனார்.

கல்லூரியில் முதல் சில மாதங்கள் ஸ்பேராரின் பொற்காலம். தலையணைக்கு உதவக்கூடிய கனத்தில் குறியீட்டுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதைப் பிரித்துப் பார்த்து, இத்தனை நாள் இந்தச் சொர்க்கம் எங்கே ஒளிந்திருந்தது என்று வியந்தார். காதுவலிக்கு எண் இருந்தது. எந்தக் காது, இடதா வலதா என்பதற்குத் தனி எண் இருந்தது. வாத்து கொத்தினால் ஓர் எண், வாத்து வந்து மோதினால் வேறோர் எண். கொத்து வாங்கியவர் மருத்துவரிடம் முதல் தடவையாக வருகிறாரா மறுபடியும் வருகிறாரா என்பதற்கும் வசதி செய்திருந்தார்கள். விண்கலத்தில் அடிபட்டவரையும் அவர்கள் கைவிடவில்லை.

"அங்கிள், இதெல்லாம் யாருக்கு நடக்கும்?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண். வகுப்பில் எல்லோருக்கும் ஸ்பேரார் 'அங்கிள்'தான். அவருடைய மகள் வயதில் பாதி வகுப்பு இருந்திருக்கும், அவருக்கு மகள் இருந்திருந்தால்.

"நடக்குதோ இல்லையோ, ஸ்டாக் இருக்கணும்மா. ஆள் வந்து நின்னா இல்லைன்னு சொல்லக் கூடாது."

எலும்புகளை அவர் வண்டியின் இரும்புச் சட்டம்போலப் படித்தார். ரத்தக்குழாய்களை எரிபொருள் குழாய்களாகப் பாவித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினார். மருந்தியல் பாடத்தில் எந்த மாத்திரை எந்த உறுப்புக்கு என்கிற பட்டியலை, பழைய பாகப் பட்டியலைப்போலவே உருப்போட்டார். மாத்திரைப் பெயரைச் சொன்னால் போதும், வியாதி வந்து மேசையில் நிற்கும்.

அங்கேதான் வண்டி குழியில் இறங்கியது.

இரண்டாம் ஆண்டில் ஒரு பயிற்சித் தேர்வில், மருத்துவமனைக் கோப்பு ஒன்றின் மாதிரியைக் கொடுத்திருந்தார்கள். நோயாளி இருபத்துமூன்று வயதுப் பெண். காலில் சுளுக்கு. வழக்கமாகச் சாப்பிடும் மருந்து என்ற இடத்தில் ஒரு மாத்திரையின் பெயர். ஸ்பேரார் பார்த்தார். சர்க்கரை நோய் மாத்திரை! சுளுக்குக்கு ஓர் எண்ணும் சர்க்கரை நோய்க்கு ஓர் எண்ணும் போட்டு, வகுப்பிலேயே முதல் ஆளாக எழுந்து விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் விரிவுரையாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். மெதுவாகப் பேசும் பெண்மணி. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அன்று அவர் பேசியதைக் கேட்கக் குனிய வேண்டியிருந்தது.

"சார், இந்தப் பொண்ணுக்குச் சர்க்கரை இருக்குன்னு டாக்டர் எங்க எழுதியிருக்கார்?"

"எழுதலை மேடம். மாத்திரை இருக்கே."

"இதே மாத்திரையைச் சினைப்பை நீர்க்கட்டிக்கும் குடுப்பாங்க. இந்தப் பொண்ணு அதுக்காகச் சாப்பிடறா. நீங்க ஒரு வரியில அவளுக்குச் சர்க்கரை நோயைக் குடுத்துட்டீங்க. இனி அவ வேற ஆஸ்பத்திரிக்குப் போனாலும், இன்சூரன்ஸ் எடுத்தாலும், அந்த வியாதி அவளுக்கு முன்னாடி அங்க போய் உக்காந்திருக்கும்."

ஸ்பேராருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக, வண்டிதான் தப்பு என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று.

"புரியலைன்னா டாக்டரைக் கேக்கணும் சார். அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. இதுதானேன்னு கேக்கக் கூடாது. பதிலை நாமளே அவர் வாயில ஊட்டக் கூடாது. என்னன்னு கேக்கணும். பதில்களை வரிசையாக் குடுக்கறதா இருந்தா, கடைசியில 'வேறு ஏதாவது'ன்னு ஒண்ணு கட்டாயம் இருக்கணும்."

"கேக்காமலே கண்டுபிடிக்கறதுதானே மேடம் திறமை?"

விரிவுரையாளர் இன்னும் மெதுவாக ஆனார். "யூகம் பண்ணிட்டீங்கன்னு உங்களுக்கு நான் சொல்றது இது மூணாவது தடவை. கேள்வி எழுதற தேர்வு அடுத்த வெள்ளிக்கிழமை. அதுல தேறினாத்தான் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்புவேன். இல்லேன்னா முடியாது சார். உண்மையான ஆளுங்க கோப்பை உங்க கையில குடுக்க எனக்குப் பயமா இருக்கு."

பயிற்சி இல்லையென்றால் பட்டயம் இல்லை. பட்டயம் இல்லையென்றால் வேலை இல்லை. இரண்டு ஆண்டுகளாக ஓர் அம்மாள் கேக் கேக்காக எழுதிச் சேர்த்த நம்பிக்கையும் இல்லை. ஸ்பேரார் அன்று பேருந்தில் தன் நிறுத்தம் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தார்.

கேள்வி எழுதிப் பழகத்தான் பழகினார். முதல் முயற்சியைப் பக்கத்து இருக்கைப் பெண் வாங்கிப் பார்த்தாள். "மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, நோயாளிக்கு இருப்பது சர்க்கரை நோய்தானே? ஆம் என்று எழுதவும்."

"அங்கிள், இது கேள்வி இல்ல. மிரட்டல்."

"பணிவாத்தானேம்மா எழுதியிருக்கேன்?"

"பணிவான மிரட்டல்."

நிலைமை இப்படி இருக்கையில், திங்கட்கிழமை காலை, வீட்டுச் சாவியைத் தேடி மனைவியின் கைப்பையில் கைவிட்ட ஸ்பேராரின் விரல்களில் ஒரு மாத்திரை அட்டை தட்டுப்பட்டது. பாதி காலி. பெயரைப் படித்தார். பட்டியல் தானாக மனதில் ஓடி, ஒரே தலைப்பில் போய் நின்றது.

இதயம்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவிக்கு இதய நோய், அதுவும் தன்னிடம் சொல்லாமல். தன் வேலை போன கவலையில் வந்த நோய் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை.

இருந்தாலும் கல்லூரியில் படித்த மனிதர் அல்லவா? யூகம் கூடாது, கேட்க வேண்டும் என்று இப்போதுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே முறைப்படி விசாரிக்கக் கிளம்பினார். மனைவியின் தம்பி ஒரு மருந்துக் கடையில் இருந்தார். போன நேரம் நல்ல கூட்டம். கடையின் ஓரமாகத் தலையை நீட்டி, மாத்திரையின் பெயரைச் சொல்லி, "மாப்ளே, இது ஹார்ட்டுக்குத்தானே?" என்று கேட்டார்.

"ஆமா மாமா, ஆனா..."

'ஆமா' வரைக்கும்தான் ஸ்பேரார் நின்றார். 'ஆனா' வந்து சேர்ந்தபோது அவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். மைத்துனர் கையில் சில்லறையோடு எட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாமாவுக்கு எப்போதுமே அவசரம்தான் என்று அடுத்த ஆளைக் கவனித்தார்.

அன்று மாலையிலிருந்து அந்த வீட்டில் ஓர் இதயப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியது. அவர்கள் இருந்தது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பேக்கரியிலிருந்து வரும் மனைவியை ஸ்பேரார் தெருவிலேயே எதிர்கொண்டு கைப்பையைப் பிடுங்கினார். பக்கத்தில் நின்ற இருவர் திருடன் என்று நினைத்து நெருங்கி வந்து, பிறகு விலகினார்கள். ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி மூச்சு வாங்கச் சொன்னார். பி-நாலு டப்பா தலைமறைவாயிற்று. உப்பில்லாத குழம்பை இருவரும் சாப்பிட்டார்கள். தொலைக்காட்சியில் ஒருவர் ஒருவரை அறையப் போகிற கட்டம் வந்தபோது, ஸ்பேரார் எழுந்து அதை அணைத்தார்.

"ஏன் நிறுத்தினீங்க?"

"அதிர்ச்சி வேண்டாம்."

"யாருக்கு?"

"யாருக்குமே."

அந்த அம்மாள் கணவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

"நானா? ஒண்ணுமில்லையே."

"இருபது வருஷத்துல என் பையை நீங்க தூக்கினது கிடையாது. காலேஜ்ல ஏதாவது கவுத்துட்டீங்களா?"

அவர் கண்டுபிடித்தது பாதி சரி. ஸ்பேரார் வெள்ளிக்கிழமைத் தேர்வைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவியும் மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு உப்பில்லாமல் சாப்பிட்டார்கள்.

இயக்கம் வீட்டுக்குள்ளேயே நின்றிருந்தால் உப்போடு போயிருக்கும். புதன்கிழமை ஸ்பேரார் பேக்கரிக்கே போனார். முதலாளியம்மா இளகிய மனது படைத்தவர். அவரிடம் தணிந்த குரலில், "அவளுக்கு ஹார்ட்டுல கோளாறு. வெளியில சொல்லிக்க மாட்டா. கொஞ்சம் லேசான வேலையாப் பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு நல்ல கணவனுக்குரிய நிமிர்ந்த நடையில் திரும்பி வந்தார்.

வியாழக்கிழமை மனைவி பொழுது சாய்வதற்கு முன்பே வீடு வந்துவிட்டார். ஸ்பேரார் சமையலறை மேசையில் நாளைய தேர்வுக்காகக் கேள்விகளை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்தார். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"எனக்கு ஹார்ட்டுல கோளாறுன்னு முதலாளியம்மாகிட்ட சொன்னீங்களா?"

"அது... உன் நல்லதுக்குத்தான்..."

"இனிமே எழுத்து வேலை வேண்டாம்னுட்டாங்க. பில் போடற இடத்துல நாற்காலி போட்டு உக்காரச் சொன்னாங்க. நான் எழுதற இடத்துல ஒரு புதுப் பொண்ணை நிறுத்திட்டாங்க. நான் எழுந்து நின்னா நாலு பேர் ஓடி வர்றாங்க. எனக்கு ஹார்ட்டுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லலை" என்றார் ஸ்பேரார். "பையில மாத்திரை இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதுக்கே எட்டியது. மாத்திரை இருக்கே. இதே வாக்கியத்தை இதே தொனியில் சில நாட்களுக்கு முன்புதான் ஒருவரிடம் சொல்லிக் குனிந்து நின்றார். அன்றாவது அந்த இருபத்துமூன்று வயதுப் பெண் காகிதத்தில் இருந்தாள். இன்றோ, தனக்கு முன்பாகவே பேக்கரிக்குப் போய் உட்கார்ந்துவிட்ட வியாதியைச் சுமப்பவர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

கேட்க வேண்டியதுதான். ஆனால் ஸ்பேராரின் வாய் பழக்கத்தை விடுவதாயில்லை. 'ஹார்ட் இல்லேன்னா பிரஷர்தானே?' என்று ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார். 'என் கவலையிலதானே இப்படி ஆச்சு?' என்று இன்னொன்று வந்தது. அதையும் விழுங்கினார். 'ஒண்ணும் பயப்படற மாதிரி இல்லையே?' என்று மூன்றாவது வந்தது. அது கேள்வியே அல்ல, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் என்று அவருக்கே தெரிந்தது. மூன்றையும் விழுங்கிய பிறகு உள்ளே மிச்சம் இருந்தது, கடை மேசைக்குப் பின்னால் அவர் ஒரு நாளும் உச்சரிக்காத, சின்னஞ்சிறு கேள்வி.

"உனக்கு என்ன பண்ணுது?"

மனைவி மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார். கணவர் அடித்துப் போட்டிருந்த தாளின் ஓரத்தில், கேக்கில் எழுதுவதுபோல ஒரு சுழி இழுத்தார். கோடு பாதி வரை ஒழுங்காகப் போய், அப்புறம் ரம்பப் பல்லாக உடைந்தது. பேனாவைப் பிடித்திருந்த வலது கை மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஆறு மாசமா இப்படி. டாக்டர் எல்லாம் பாத்துட்டார். ஹார்ட் நல்லாத்தான் இருக்காம். இது கை நடுக்கம் மட்டும்தானாம். அந்த மாத்திரை அதுக்கும் கேக்குமாம். சாப்பிட்டா எழுதற நேரம் வரைக்கும் கை நிக்குது. சொன்னா நீங்க படிப்பை விட்டுட்டு எங்கயாவது மூட்டை தூக்கப் போயிருவீங்க. அதான் சொல்லலை."

ஸ்பேரார் அந்த உடைந்த கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆளைப் பாத்தாலே என்ன வேணும்னு தெரிஞ்சுரும்னு ஊரெல்லாம் சொல்லுவீங்களே," என்றார் மனைவி. குரலில் கோபம் இறங்கிவிட்டிருந்தது. "ஆறு மாசமா உங்க எதிர்லதான் உக்காந்து காபி குடிக்கிறேன். டம்ளரை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு."

டம்ளரை இரண்டு கையால் பிடிப்பதை ஸ்பேரார் பார்த்திருந்தார். குளிர் என்று முடிவு செய்து, ஜன்னலைச் சாத்தியும் இருந்தார்.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் என்ன?"

"தெரியலை. வேற ஏதாவது இருந்தா சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

வேறு ஏதாவது நிறையவே இருந்தது. எழுத்தே இல்லாமல் பூ மட்டும் பிழியலாமா என்ற யோசனை இருந்தது, மாத்திரை ஒரு நாள் கைவிட்டால் என்ன என்ற பயம் இருந்தது. கணவரிடமும் ஒன்று பாக்கி இருந்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வைப் பற்றி அவர் சொன்னார். "நினைச்சேன்" என்றார் மனைவி. பிறகு எழுந்து போய், பி-நாலு டப்பா எங்கே என்று கேட்டார். அது துவைக்கும் துணிக் கூடைக்குள்ளிருந்து மீட்கப்பட்டது.

மறுநாள் காலை தேர்வுக்குப் போகும் வழியில் ஸ்பேரார் பேக்கரியில் இறங்கினார். "நான் சொன்னது தப்பு. யூகம். அவளுக்கு ஹார்ட்டுல ஒண்ணும் இல்லை. என்ன வேலை முடியும்னு தயவுசெஞ்சு அவளையே கேளுங்க" என்றார். முதலாளியம்மா, "நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே சார்" என்றார். அதற்கும் ஸ்பேராரிடம் பதில் ஸ்டாக் இல்லை.

தேர்வில் அவர் வகுப்பிலேயே கடைசி ஆளாகத் தாளைக் கொடுத்தார். விரிவுரையாளர் அங்கேயே வாசித்தார். "இந்த மருந்து எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று மட்டும் ஒரு கேள்வி இருந்தது. அவர் நிமிர்ந்து, வழக்கத்தைவிடச் சற்று உரக்க, "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில இருங்க சார்" என்றார்.

பேக்கரியில் அன்று முதல் புதுப் பெண் பெயர்களை எழுதுவதென்றும், ஸ்பேராரின் மனைவி அவளுக்குப் பக்கத்தில் நின்று பூக்களைப் பிழிவதென்றும் ஏற்பாடாகியிருந்தது. கை நன்றாக நிற்கிற நாளில் எழுத்தும் அவருடையதே. மாலை, கட்டடத்தின் அடியில், படிக்கட்டுக்கு முன்னால், ஸ்பேரார் மனைவிக்காகக் காத்திருந்தார். கைப்பையோடு ஒரு காய்கறிப் பையும் சேர்ந்து வந்தது. அவர் கை தானாக நீண்டது. பாதி வழியில் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏம்மா, பையை நான் தூக்கட்டுமா, நீயே தூக்கிக்கறியா, இல்ல வேறு ஏதாவதா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைப்பை, காய்கறிப் பை, குடை மூன்றையும் அவரிடம் நீட்டிவிட்டு, முதல் படியில் கால் வைத்தார்.

"கைப்பையைத் தோள்ல மாட்டிக்கோங்க" என்றார் திரும்பாமலே.

"எந்தத் தோள்ல? இடதா, வலதா?"